மெல்பர்னில் கண்காட்சி: படத்தை மட்டும் அனுப்புவதா, நானும் போவதா?

கித்தாமரம் (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். பள்ளியில் வேலை பார்க்கிறேன், மாலையிலும் விடுமுறையிலும் வரைகிறேன். நான் வரைவது ரப்பர் தோட்டம்தான். லயத்து வீடுகள், விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் பெரட்டு, காண்டாவில் (தோளில் போடும் காவடிக் கம்பு) பால் வாளி தூக்கிப் போகும் பெண்கள். பெரும்பாலும் கேன்வாஸில் அக்ரிலிக். சில வேலைகளில் ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு (கிண்ணம்), காய்ந்த ஒட்டுப்பால், கித்தா (ரப்பர்) மரத்துப் பட்டை எல்லாம் சேர்த்துப் பொருத்துவேன். ஜார்ஜ் டவுனில் குழுக் கண்காட்சிகளில் வைத்திருக்கிறேன். தனிக் கண்காட்சி இன்னும் செய்யவில்லை.

இப்போது ஒரே சமயத்தில் இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று ஐரோப்பாவில் பெரிய நகரம் ஒன்றிலுள்ள கேலரி. மின்னஞ்சலில் என் படைப்புகளை வானளாவப் புகழ்ந்துவிட்டு, சுவருக்கு மீட்டர் கணக்கில் கட்டணம், கேட்டலாக்கில் ஒரு பக்கத்துக்குத் தனிக் கட்டணம் என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் என் பல மாதச் சம்பளம். இரண்டாவது, மெல்பர்னில் ஒரு சின்ன கேலரி. தென்கிழக்காசியத் தோட்ட வாழ்க்கை பற்றிய குழுக் கண்காட்சி. என்னுடைய மூன்று வேலைகளைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கட்டணம் கிடையாது, விற்றால் கமிஷன். விமான டிக்கெட் என் செலவு. தங்க இடம் தருகிறார்கள்.

வீட்டில் "படத்தை அனுப்பினால் போதாதா, நீ எதுக்குப் போகணும்?" என்கிறார்கள். அங்கே திறப்பு விழாவில் ஓவியர் என்ன செய்ய வேண்டும், என்ன பேச வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைச்சுவர் (கோலாலம்பூர்)

நான் கேலரியில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதல் அழைப்புக்குப் பதில்கூட எழுத வேண்டாம்.

ஓவியரிடமே முன்பணம் வாங்கிவிட்ட கேலரிக்கு, உங்கள் படத்தை விற்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்குபவர்களைத் தேடிப் போன் செய்ய மாட்டார்கள், விமர்சகரைக் கூப்பிட மாட்டார்கள். திறப்பு விழாவுக்கு வருபவர்கள் யார் என்று பார்த்தால், அதேபோல் பணம் கட்டிய மற்ற ஓவியர்களும் அவர்கள் நண்பர்களும்தான். படம் விற்றால் அதிலும் பங்கு கேட்பார்கள்.

இப்படிப்பட்ட கடிதத்தை அடையாளம் காண்பது சுலபம். உங்களுடைய எந்தப் படத்தையும் பெயர் சொல்லிப் பேசாது. அவர்கள் இணையதளத்துக்குப் போய் ஓவியர்கள் பட்டியலைப் பாருங்கள்: உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் டஜன் கணக்கில் பெயர்கள் இருக்கும், மாதா மாதம் மாறும், ஒருவரையும் இரண்டாம் முறை காட்டியிருக்க மாட்டார்கள். ஒரு ஓவியர் மேல் நம்பிக்கை வைத்த கேலரி அவரைத் திரும்பத் திரும்பக் காட்டும்.

மெல்பர்ன்காரர்கள் மூன்று வேலைகளைப் பெயர் சொல்லிக் கேட்டதே நல்ல அறிகுறி. விற்றால்தான் அவர்களுக்கும் காசு. உங்களோடு சேர்ந்து அவர்களும் ஆபத்தை ஏற்கிறார்கள். நான் பார்க்கும் முதல் விஷயம் அதுதான்.

கட்டணம் என்றாலே மோசடி என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஓவியர்களே சேர்ந்து நடத்தும் இடங்கள் மெல்பர்னில் உண்டு. அவர்கள் வாடகை இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, விற்பனையை உங்களிடமே விட்டுவிடுவார்கள். அது நேர்மையான ஏற்பாடு. வாடகைக்கு விடுவதைத் 'தேர்வு' என்று சொல்லும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது.

செந்தூல் பிரேம்கடை

தங்கச்சி, ஒரே வார்த்தை. பட்டை ஒட்டுன வேலைய ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பாதீங்க. மத்தத அப்புறம் விவரமா எழுதுறேன், கடையில ஆள் இருக்கு.

பாயான் லெப்பாஸ்

நான் வரைகிறவன் இல்லை, பார்க்கிறவன். கொஞ்சம் வாங்கியும் இருக்கிறேன். எனக்கு மனசில் நெடுநாளாக இருக்கும் கேள்வியை இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

நம் ஓவியர்களை நாமே பார்க்காமல் எதற்காக மெல்பர்ன்காரர் பார்க்க வேண்டும்? 2019இல் 58ஆவது வெனிஸ் பியனாலே என்ற அனைத்துலகக் கலைக் கண்காட்சியில் மலேசியா முதன்முதலாகத் தனி அரங்கு அமைத்தது. நான்கே ஓவியர்கள்: எச். எச். லிம், இவான் லாம், சுல்கிப்லி யூசோப், அனுரேந்திரா ஜெகதேவா. நாட்டின் முதல் அரங்கிலேயே நாலில் ஒருவர் நம்மவர். அரங்கைத் தொகுத்த லிம் வெய்-லிங்கின் கேலரி பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் ஸ்காட்டில் இருக்கிறது. கந்தசாமி கோயிலுக்குப் போகிற நம் ஜனங்கள் அந்த வழியாகத்தான் வருடம் முழுக்கப் போய் வருகிறார்கள். உள்ளே ஏறிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கித்தாமரம் அவர்களே, உங்கள் படங்களில் இருக்கும் பெண்களின் பேத்திகள் பிறையிலும் சுங்கைப் பட்டாணியிலும் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்காத கண்காட்சி எதற்கு? டிக்கெட்டுக்குப் போகும் காசில் இங்கே ஒரு மண்டபம் எடுக்கலாம்.

தண்ணீர்மலை (பினாங்கு)

பாயான் லெப்பாஸ் தம்பியின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அதே வருத்தம் உண்டு. ஆனால் உள்ளூரா வெளியூரா என்று எதிரும் புதிருமாக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நாட்டு ஓவியம் வெளியே போய் வந்துதான் வளர்ந்திருக்கிறது. சையத் தாஜுதீன் 1943இல் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். சென்னை அரசு ஓவியக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, அஜந்தா ஓவியங்களின் கோட்டழகை இங்கே கொண்டு வந்து இராமாயணத்தையும் மலாய்க் காவியத்தையும் பெரிய பெரிய கேன்வாஸில் வரைந்தார். லத்திப் மொஹிதின் 1960களின் தொடக்கத்தில் பெர்லினில் படித்தவர். அந்தப் பத்தாண்டில் அவர் வரைந்த பாகோ-பாகோ ஓவியங்களை 2018இல் பாரிஸ் பொம்பிடு மையம் தனிக் கண்காட்சியாக வைத்தது. இப்ராஹிம் ஹுசேன் 1977இல் குவைத்தில் டாலி, வார்ஹோல் இருவரோடும் சேர்த்துக் காட்டப்பட்டார். இவர்களில் யாரும் ஊரை விட்டுவிடவில்லை. வெளியே போனதால் ஊரை இன்னும் கூர்மையாகப் பார்த்தார்கள்.

உள்ளூரில் காட்ட இடமும் முன்பைவிட இருக்கிறது. 1958இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. 2015இலிருந்து கோலாலம்பூர் ஜாலான் பிஞ்சாயில் இல்ஹாம் கலைக்கூடம் இருக்கிறது. நம் பினாங்கில் பழைய ஹின் பஸ் டிப்போ 2014இலிருந்து கண்காட்சிக் கூடமாக ஓடுகிறது. தங்கச்சி இரண்டையும் செய்யட்டும்.

மஞ்சள்வர்ணம் (கோலாலம்பூர்)

தங்கச்சி, போங்க. கட்டாயம் போங்க. ஏன் என்று சொல்கிறேன்.

ஐரோப்பாவில் குழுக் கண்காட்சிகளில் என் வேலைகளை வைத்திருக்கிறேன். நான் போகாமல் படம் மட்டும் போன ஊரில், என் படத்துக்குப் பக்கத்தில் 'இந்தியக் கிராமப் பெண்' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். வரைந்தது கேரித் தீவில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த என் அத்தையை. நேரில் போன ஊரில் முதல் நாளே அந்த மாதிரி வரிகளைத் திருத்தச் சொல்லித் திருத்த வைத்தேன். ஓவியர் பக்கத்தில் இல்லாத படத்துக்கு மற்றவர்கள் ஒரு ஊரையும் கதையையும் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் போக வேண்டிய காரணம் அதுதான்.

அதனால் திறப்புக்கு முந்திய நாளே போய்விடுங்கள். படம் எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். பொதுவாகப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டருக்குள் வரும்படி மாட்டுவார்கள். வெளிச்சம் வார்னிஷில் பட்டுக் கண்ணைக் கூசுகிறதா, விலைப்பட்டியலில் எண் சரியா, உங்கள் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா, எல்லாம் அன்றைக்கே. திறப்பு அன்று யாருக்கும் நேரம் இருக்காது.

விழா நம் விழா மாதிரி இருக்காது. குத்துவிளக்கு, பொன்னாடை, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வரும்வரை காத்திருப்பது எதுவும் கிடையாது. பெரும்பாலும் வார நாளில் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் தொடங்கி எட்டுக்குள் முடிந்துவிடும். யாராவது ஐந்து நிமிடம் பேசுவார்கள், அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் நின்றுகொண்டே பேசுவது. கையில் ஒயின் கிளாஸ் வைத்திருப்பார்கள். நீங்கள் குடிக்கமாட்டீர்கள் என்றால் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். சைவம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தட்டில் சீஸும் பிஸ்கட்டும்தான் இருக்கும்.

உங்கள் படத்துக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். ரெண்டு எட்டு தள்ளி நில்லுங்கள். வருகிறவர் முதலில் பார்க்கட்டும். பார்த்து முடித்துத் திரும்பினால், 'இதை வரைந்தது நான்தான்' என்று சொல்லுங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள், பாவம், மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த ஓவியம் உருவான விதத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். இந்த மங்கு எங்கே கிடைத்தது, இந்த நீலம் எந்த நேரத்து வானம், அப்படி. கேள்வி தானாக வரும்.

இந்தியாவிலிருந்து வருகிறீர்களா என்று கேட்பார்கள். சலித்துக்கொள்ள வேண்டாம், கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. உங்கள் படத்திலேயே பதில் இருக்கிறது. பிரேசிலில் விளைந்த ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்து, 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கதையையும், அந்த மரத்தில் பால் வெட்டத் தமிழர்களைக் கங்காணிகள் கூட்டிவந்த கதையையும் நாலு வரியில் சொல்லிப் பழகுங்கள். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் முகத்தைப் பார்த்தால் எங்கே நீளுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், இன்றைக்கும்.

விலை பேச்சு வந்தால் ஊழியரைக் காட்டிவிடுங்கள். நீங்கள் இரக்கப்பட்டு ஒரு விலை சொல்லிவிட்டால் கேலரிக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு. யாராவது உண்மையாகவே ஆர்வமாகப் பேசினால் பெயரைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலையில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். முடிந்த பிறகு சாப்பிடக் கூப்பிட்டால் களைப்பாக இருந்தாலும் போங்கள். அடுத்த அழைப்பு பெரும்பாலும் அந்த மேஜையில்தான் பிறக்கும்.

சேலையா என்று கேட்பீர்கள். ஊரில் நல்ல நாளுக்கு எதை உடுத்துவீர்களோ அதையே உடுத்துங்கள். அவர்களுக்காக வேஷம் கட்ட வேண்டாம்.

மிண்டன் மாணவன்

அக்கா, ஓவியர் பேச்சு என்று தனியாக வைத்தால் அதற்குக் காசு தருவார்களா? கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

மஞ்சள்வர்ணம் (கோலாலம்பூர்)

கேட்கலாம் தம்பி, தப்பே இல்லை. ஆஸ்திரேலியாவில் நாவா என்ற காட்சிக்கலைஞர் சங்கம் கண்காட்சிக்கும் பேச்சுக்கும் எவ்வளவு தர வேண்டும் என்று கட்டண அட்டவணையே வெளியிடுகிறது. 'நீங்கள் அதைப் பின்பற்றுகிறீர்களா?' என்று கேட்டாலே போதும். ஆனால் காசு வாங்குவது என்றால் விசாவும் பார்க்க வேண்டும். நம் பாஸ்போர்ட்டுக்குப் போனில் எடுக்கும் இடிஏ (மின்னணுப் பயண அனுமதி), சுற்றிப் பார்க்கவும் அலுவல் சந்திப்புக்கும்தான். அதில் வேலை செய்யக் கூடாது. கட்டணம் வாங்கிப் பயிலரங்கு நடத்துவதாக இருந்தால், எந்த விசாவில் வர வேண்டும் என்று கேலரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கித்தாமரம் (பட்டர்வொர்த்)

அக்கா, படித்துக்கொண்டே அழுதுவிட்டேன். 'இந்தியக் கிராமப் பெண்' என்று என் பாட்டிக்கு யாராவது எழுதினால் என்னால் தாங்க முடியாது. வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அம்மாவே போ என்கிறார்.

ஐரோப்பாக்காரர்களுக்குப் பதில் எழுதவில்லை.

மெல்பர்னிலிருந்து ஒப்பந்த நகல் வந்திருக்கிறது. கமிஷன் 40 சதவீதம். விற்ற 30 நாளில் பணம். அனுப்பும் செலவில் அவர்கள் பாதி தருகிறார்கள். திரும்பக் கொண்டு வரும் செலவு பற்றி ஒன்றுமே இல்லை. காப்பீடு 'கேலரி வளாகத்துக்குள்' என்று போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

வெள்ளைச்சுவர் (கோலாலம்பூர்)

இன்னும் போடாதீர்கள். கமிஷன் சரிதான், 40லிருந்து 50 வரை பரவலான வழக்கம். நீங்களே கண்டுபிடித்த அந்த இரண்டு இடங்களில்தான் சிக்கல்.

திரும்பும் செலவைப் பற்றி ஒப்பந்தம் பேசாவிட்டால் அது உங்கள் தலையில் விழும். விற்காத படம் மெல்பர்ன் கிடங்கில் கிடக்கும், மாதக் கணக்கில் மின்னஞ்சல் போகும் வரும், கடைசியில் ஓவியர் அலுத்துப்போய் அரை விலைக்கு அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுவார். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'விற்காத படைப்புகளைக் கண்காட்சி முடிந்து இத்தனை நாளுக்குள் கேலரி தன் செலவில் திருப்பி அனுப்பும்' என்று கேளுங்கள். ஒப்பமாட்டார்கள் என்றால் பாதிக்குப் பாதி. அதுவும் முடியாது என்றால் நீங்களே சுருட்டிக் கையில் எடுத்து வரக்கூடிய அளவு படங்களை மட்டும் அனுப்புங்கள்.

காப்பீடு உங்கள் வீட்டுச் சுவர் ஆணியிலிருந்து புறப்பட்டு, திரும்ப அதே ஆணிக்கு வந்து சேரும்வரை இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வோம், ஆணிக்கு ஆணி. படம் அடிபடுவது கேலரிச் சுவரில் இல்லை, லாரியிலும் விமான நிலையத்திலும்தான். அனுப்பும் முன் ஒவ்வொரு படத்தையும் முன்னால், பின்னால், நான்கு மூலையிலும் போட்டோ எடுத்துத் தேதியோடு அவர்களுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கிவிடுங்கள்.

கார்னெட் பற்றி யாராவது சொல்வார்கள். நம் நாட்டில் மலேசிய அனைத்துலக வர்த்தகத் தொழிலியல் சங்கம் கொடுக்கும் தற்காலிகச் சுங்க ஆவணம் அது, ஒரு வருடம் செல்லும். போன பொருள் அப்படியே திரும்பி வரும் என்பதுதான் அதன் அடிப்படை. விற்பனைக்குப் போகும் படத்துக்குப் பொருந்தாது. கேலரியே இறக்குமதியாளராக இருக்கட்டும், அங்கே வரும் 10 சதவீத ஜிஎஸ்டி யார் பொறுப்பு என்பதையும் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர், ஏ/பி (இன்னாரின் மகள்), அப்பா பெயர் என்று இருக்கும். வெளிநாட்டுப் படிவம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும். சுவரில் அப்பா பெயர் தொங்கும், பேங்க்கில் வேறு பெயர் இருக்கும், பணம் திரும்பிப் போகும். கண்காட்சிக்கு எந்தப் பெயர், இன்வாய்ஸுக்கும் பேங்க்குக்கும் எந்தப் பெயர் என்று முதல் நாளே இரண்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செந்தூல் பிரேம்கடை

இப்பத்தான் கடைய சாத்துனேன். பொறுமையா படிங்க தங்கச்சி.

முதல்ல பட்டை. ஆஸ்திரேலியாக்காரன் செடி, மரம் சம்பந்தப்பட்ட எதையும் விடமாட்டான். பட்டையோட இருக்கற மரம்னா பூச்சி, முட்டை இருக்கும்னு பிடிச்சு வச்சிருவான். மருந்தடிக்கணும், இல்ல திருப்பி அனுப்பணும், இல்ல அழிச்சிருவான், எல்லாம் உங்க செலவுல. மருந்தடிச்சா ஒட்டுப்பால் என்ன ஆகும்னு யாரும் உத்தரவாதம் தரமாட்டாங்க. அந்த வேலையெல்லாம் பினாங்குலயே இருக்கட்டும். மங்கு பீங்கான்தான? நல்லா கழுவி மண்ணு, பால் கறை ஒண்ணும் இல்லாம காயவச்சு அனுப்புங்க. அப்பவும் பேப்பர்ல எழுதி டிக்ளேர் பண்ணணும். பால் வெட்டுற உளி எடுத்துட்டுப் போறதா இருந்தா கையில வைக்காதீங்க, செக்-இன் பையில.

பெட்டி. பலகையில அடிச்சா அந்த மரத்துக்கு முத்திரை வேணும், 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் காய்ச்சின மரம்னு. முத்திரை இல்லாட்டி பெட்டி எறங்காது. பிளைவுட்டுக்கு அந்த விதி இல்ல, ஆனா ஓரத்துல அடிக்கற கட்டைக்கு உண்டு. சரக்கு அடுக்கற பழைய மரப் பேலட்ட உடைச்சுப் பெட்டி அடிக்கறவன்கிட்ட போகாதீங்க.

ஆனா உங்களுக்குப் பெட்டியே வேணாம்னுதான் சொல்வேன். கணக்கு பாருங்க. கூரியர்காரன் எடைய மட்டும் பாக்கமாட்டான், நீளம், அகலம், உயரம் பெருக்கி 5000ஆல வகுப்பான். 120க்கு 90க்கு 20 பெட்டின்னா 43 கிலோவுக்கு மேல போட்டுருவான், உள்ள எட்டு கிலோதான் இருந்தாலும். அதே கேன்வாஸ ஃபிரேம்லேர்ந்து கழட்டி, சுருட்டி, 110க்கு 20க்கு 20 குழாயில போட்டா 9 கிலோகூட வராது. அங்க போயி மறுபடி இழுத்துக் கட்டிக்கலாம். நம்ம ஊரு ஈரத்துல அடிச்ச கட்டை அந்த ஊரு காத்துக்கு எப்படியும் முறுக்கிக்கும், அங்கயே புதுசா அடிக்கறது நல்லதுதான்.

சுருட்டும்போது பெயின்ட் பக்கம் வெளிய இருக்கணும். நெறைய பேரு உள்பக்கமா சுருட்டுறாங்க, அப்ப பெயின்ட் நசுங்கும். அகலமான குழாயா எடுங்க, ஒல்லிக் குழாயில கோடு விழும். மேல கிளாசின் பேப்பர் (ஒட்டாத வழவழப்புத் தாள்) இல்ல சிலிகான் தாள், அதுக்கு மேலதான் பபிள்ராப், குமிழ் வெளிப்பக்கம் பாத்து. அக்ரிலிக் மேல நேரா பிளாஸ்டிக் பட்டுச்சுன்னா நம்ம வெயில்ல ஒட்டிக்கும், உரிச்சா வட்டம் வட்டமா தடம் நிக்கும். வரைஞ்ச உடனே சுருட்டாதீங்க, நல்லா காயட்டும்.

ஆஸ்திரேலியாவுல ஜூன், ஜூலைன்னா குளிர். விமானத்து அடியிலயும் குளிர். அக்ரிலிக் குளிர்ல விறைச்சுக்கும், அப்ப விரிச்சா வெடிக்கும். கேலரிக்குப் போயி சேந்ததும் பிரிக்காம ஒரு நாள் முழுக்க அறையிலயே வச்சிட்டு அப்புறம் விரிக்கச் சொல்லுங்க. குழாய் மேலயே பெருசா ஆங்கிலத்துல எழுதி ஒட்டிடறேன்.

பாயான் லெப்பாஸ்

இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். படத்தின் மேல் தப்பான ஊரை எழுதிவிடுகிறார்கள் என்று மஞ்சள்வர்ணம் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. போக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விலை விஷயத்தில் விடமாட்டேன். இங்கே 30 சதவீதம் எடுக்கும் இடத்தில் ஒரு விலை, அங்கே 40 எடுக்கிறார்கள் என்று இன்னொரு விலை வைத்தால், இங்கே வாங்கிய எங்களை என்ன செய்வது? அதிக விலைக்கு வெளிநாட்டில் விற்றது என்று பிறகு இங்கேயும் ஏற்றிவிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று தன் பாட்டியின் படத்தை ஒருநாளும் வாங்க முடியாமல் போய்விடும்.

வெள்ளைச்சுவர் (கோலாலம்பூர்)

அங்கொரு விலை இங்கொரு விலை வைக்கவே கூடாது, நீங்கள் சொல்வது சரி. ஒரே அளவு, ஒரே ஊடகம் என்றால் எந்த ஊரிலும் சுவரில் போடும் விலை ஒன்றுதான். மலேசிய வெள்ளியிலிருந்து ஆஸ்திரேலிய டாலருக்கு மாற்றலாம், அவ்வளவே. கமிஷன் வித்தியாசம் ஓவியரும் கேலரியும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

விலையை ஏற்றவே கூடாது என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அவர் வேலையை நிறுத்தாமல் செய்ய வேண்டும் என்றால் விலை ஏறித்தான் ஆக வேண்டும். குடும்பங்களுக்காக அச்சுப் பிரதியோ சின்ன வரைபடமோ செய்யலாம்.

பாயான் லெப்பாஸ்

அச்சுப் பிரதி வேறு, படம் வேறு. இதில் நமக்குள் ஒத்துப்போகாது, இருக்கட்டும்.

தண்ணீர்மலை (பினாங்கு)

தங்கச்சி, எந்தப் படங்களை அனுப்புவது என்பது பற்றி எனக்கு ஒரு யோசனை.

மெல்பர்ன் என்றதும் எனக்கு சயாம் மரண ரயில்தான் ஞாபகம் வந்தது. 1942, 43இல் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டருக்குப் போட்ட ரயில் பாதை. அதில் ஏறத்தாழ 13,000 ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், 2,800 பேர் செத்தார்கள். அங்கே கைதிகளைக் காப்பாற்றப் போராடிய டாக்டர் வியரி டன்லப்புக்கு மெல்பர்னில் சிலை இருக்கிறது. அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும். அதே பாதையில் நம் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தது அவர்களில் பலருக்குத் தெரியாது. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு எங்கே புதைத்தார்கள் என்ற அடையாளம்கூட இல்லை.

பெரட்டில் பெயர் கூப்பிடுவதை நீங்கள் வரைந்த படத்தை ஜார்ஜ் டவுனில் பார்த்தேன். வரிசையில் ஆண்கள் நிற்க வேண்டிய இடங்கள் காலியாக இருக்கும். அதைக் கொண்டு போங்கள். அந்தத் திறப்பு விழாவில் ரயில் பாதையில் தாத்தாவை இழந்த ஒருவராவது நிற்பார். அவரிடம் நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவரா இல்லையா என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் நடந்தது ஒரே இடத்தில்.

இதற்காகத்தான் நேரில் போக வேண்டும் என்கிறேன். அந்தப் பேச்சைப் படம் தொடங்கி வைக்கும், நடத்துவதற்கு ஆள் வேண்டும்.

கித்தாமரம் (பட்டர்வொர்த்)

ஐயா, என் தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அந்தப் படத்தை வரைந்ததே அவருக்காகத்தான். அது உங்களுக்குப் படத்திலேயே தெரிந்திருக்கிறது. வேறென்ன சொல்ல.

முடிவு செய்துவிட்டேன். பட்டை ஒட்டிய பெரிய வேலைக்குப் பதிலாகப் பெரட்டுப் படம் போகும். கேலரிக்கு எழுதிக் காரணத்தையும் சொன்னேன், உடனே சம்மதித்தார்கள். சுவரில் போடும் குறிப்பை நானே எழுதி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். சயாம், தோட்டம், தாத்தாவின் தம்பி பெயர் மூன்றும் அதில் வரும். விற்காதவற்றைத் திருப்பி அனுப்பும் செலவு பாதிக்குப் பாதி என்று ஒப்புக்கொண்டார்கள். காப்பீட்டுக்கு விலை கேட்டிருக்கிறார்கள், பதில் வந்ததும்தான் கையெழுத்து. திறப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே போகிறேன். கலைஞர்களுக்கு உதவும் செண்டானா மாதிரி அமைப்புகள் பயண நிதி அறிவித்தால் விண்ணப்பிக்கவும் எல்லாத் தாள்களையும் தயாராக வைத்திருக்கிறேன்.

பாயான் லெப்பாஸ் அண்ணே, நீங்கள் கேட்டதையும் விடவில்லை. அனுப்புவதற்கு முந்திய வாரம் மூன்று படங்களையும், பட்டை வேலையையும் சேர்த்து, பிறையில் எங்கள் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் கூடும் மண்டபத்தில் ஒரு சனி, ஞாயிறு வைக்கிறேன். பாட்டிமார்களை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் வர வேண்டும்.

பாயான் லெப்பாஸ்

வருகிறேன் தங்கச்சி. நாற்காலி, விளக்கு, மேஜை எல்லாம் என் பொறுப்பு. இங்கே ஃபாக்டரி நண்பர்களையும் குடும்பத்தோடு கூட்டி வருகிறேன்.

மிண்டன் மாணவன்

மாட்டவும் இறக்கவும் நாங்கள் நாலு பேர் வருகிறோம் அக்கா.

செந்தூல் பிரேம்கடை

பிறையில காட்டிட்டு அப்படியே சுருட்டணும்னா திங்கக்கிழமை காலையில நானே வர்றேன், குழாய், கிளாசின் எல்லாம் எடுத்துக்கிட்டு. மூணு படத்தோட அளவையும் ஃபிரேம் இல்லாம அளந்து எழுதி அனுப்புங்க தங்கச்சி, பின்பக்கம் மடிச்சு அடிச்ச கேன்வாஸையும் சேத்து. அத வச்சுத்தான் குழாய் வெட்டணும்.